உள்பக்கம் பார்த்தீங்களா?

எங்கள் வீட்டில் யார் புதுச் சட்டை வாங்கி வந்தாலும் அம்மா முதலில் அதை உள்பக்கம் திருப்புவார். நிறம், டிசைன், விலை எல்லாம் அப்புறம்தான். தோள் தையலை இரண்டு விரலால் பிடித்து இழுப்பார். கழுத்துப் பட்டியைச் சுற்றி ஒரு விரலை ஓடவிடுவார். அக்குளில் தையல்கள் கூடும் இடத்தை வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகுதான் "நல்லாருக்குது கண்ணு" என்பார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினான்கு வருடம் செக்கிங்கில் நின்றவரின் பழக்கம் அது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு டீ-ஷர்ட் கட்டிங்கில் தொடங்கி, பவர் டேபிளில் தையலாகி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று நடந்து பெட்டிக்குள் போகும். செக்கிங் என்றால் ட்யூப் லைட்டுக்குக் கீழே நீளமான மேஜை, அதைச் சுற்றிப் பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொரு பீஸையும் உள்ளும் புறமும் பார்க்க வேண்டும். ஊசி குத்திய ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், உடம்போடு ஷேடு சேராத கை. குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைப்பார்கள். வெறும் பிசிறு என்றால் அங்கேயே வெட்டிவிடுவார்கள். செக்கிங்கில் நிற்பவர் எதையும் தைப்பதில்லை. "இது நான் தச்சது" என்று காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது. பண்டல் சீட்டில் அவருடைய எண் மட்டும் இருக்கும்.

இந்தக் கட்டுரை லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பப்படும் சின்னச் சின்னத் திருத்தங்களைப் பற்றியது. அவற்றை ஓர் எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு, ஒரு சிறுகதையையோ முன்னுரையையோ படிப்பதுபோலப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். அம்மாவிடமிருந்து ஏன் தொடங்கினேன் என்பது போகப் போகத் தெரியும்.

*

2011-ல் நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அரசு கொடுத்த இலவச லேப்டாப் கைக்கு வந்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நண்பர்கள் பலர் முதல் வாரமே அதை அழித்து, படம் சேர்த்துவைக்க இடம் பண்ணினார்கள். நான் சோம்பேறித்தனத்தால் அழிக்கவில்லை. என் தொழில் அந்தச் சோம்பேறித்தனத்தில் ஆரம்பித்தது என்று சொன்னால் மிகையில்லை.

எந்த லினக்ஸாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒரே கெர்னல்தான். நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் நின்று நினைவகம், வட்டு, திரை, வலை எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் மையம். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது, இன்று சுமார் 4 கோடி வரிகளாக வளர்ந்திருக்கிறது. இதை நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்கள் என்றால் அது உங்கள் கையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொரு பதிப்பிலும் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். அதில் பெரிய கட்டுமானங்களும் உண்டு, ஒற்றை வரித் திருத்தங்களும் உண்டு.

ஒரு மாற்றத்தை பேட்ச் என்கிறோம். அதன் கீழ்ப் பாதியில் எந்த வரியை எடுக்கிறோம், எந்த வரியைச் சேர்க்கிறோம் என்று கழித்தல் குறியும் கூட்டல் குறியும் போட்டு இருக்கும். மேல் பாதியில், ஏன் இந்த மாற்றம் என்று ஒரு குறிப்பு. நான் பேச விரும்புவது இந்தக் குறிப்பைப் பற்றித்தான். கெர்னல்காரர்கள் இதை எப்படி எழுத வேண்டும் என்று ஓர் ஆவணமே வைத்திருக்கிறார்கள். தலைப்பு ஒரே வரி, எழுபத்தைந்து எழுத்துக்குள். முதலில் சிக்கல் என்ன என்று சொல். அதனால் பயனருக்கு என்ன ஆகிறது என்று சொல். பிறகு தீர்வு. ஒரு பேட்சில் ஒரே ஒரு மாற்றம். இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: ஏவல் வினையில் எழுது. 'இதைச் சரிசெய்தேன்' கூடாது, 'இதைச் சரிசெய்' என்று நிரலுக்கே கட்டளை இடுவதுபோல எழுத வேண்டும். அதாவது உரைநடையிலிருந்து 'நான்' வெளியேறிவிடுகிறது.

நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு விஷயங்கள் வேண்டும் என்கிறது: ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். நல்ல பேட்ச் குறிப்பு ஒன்றை எடுத்து இதோடு பொருத்திப் பாருங்கள். யாப்பு தவிர மற்றவை கிட்டத்தட்ட எல்லாம் இருக்கும். தனக்குத் தானே பாயிரம் எழுதிக்கொள்ளக் கூடாது என்ற மரபும் இங்கே இருக்கிறது. அனுப்புகிறவர் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று தன் பெயரைப் போடலாம். எஸ்சிஓ நிறுவனம் 2003-ல் வழக்குப் போட்ட பிறகு, 2004-ல் வந்த வழக்கம் அது. 'இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு இருக்கிறது' என்பதுதான் அதன் பொருள். 'ரிவ்யூட்-பை' என்ற வரி வேறு. 'நான் இதைப் படித்தேன், எனக்குத் திருப்தி' என்று இன்னொருவர் தன் பெயரில் சொல்ல வேண்டும். வாசித்தேன் என்று பொறுப்பேற்றுச் சொல்வதற்குத் தனியாக ஒரு வரி வைத்திருக்கும் எழுத்து வகை வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

'ஃபிக்ஸஸ்' என்று ஒரு வரியும் உண்டு. இந்தப் பிழை எந்தப் பழைய மாற்றத்தில் நுழைந்தது என்று காட்டும் வரி. அந்த மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் பன்னிரண்டு எழுத்து, பிறகு அதன் தலைப்பு. அவ்வளவுதான். பிழை செய்தவர் பெயர் அந்த வரியில் இருக்காது. வேண்டுமானால் தேடிப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வடிவம் அதைக் கேட்பதில்லை. நம் இலக்கியச் சண்டைகளில் பெயரை எடுத்துவிட்டுப் பிழையை மட்டும் சொல் என்று ஒரு விதி போட்டால் எத்தனை விமர்சனம் மிஞ்சும்?

*

இந்த வகையில் எனக்குப் பிடித்த ஒரு குறிப்பு 2016 அக்டோபரில் எழுதப்பட்டது. 'டர்ட்டி கவ்' என்று பெயர் பெற்ற பிழை அது. படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் சாதாரணப் பயனர் ஒருவர் எழுதிவிட முடியும். அப்படி எழுத முடிந்தால் கணினி முழுவதையும் கைப்பற்றலாம். திருத்தம் சில வரிகள்தான். எழுதியவர் டோர்வால்ட்ஸ். குறிப்பில் அவர் சொல்வதன் சாரம் இது: இது மிகப் பழைய பிழை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானே இதைத் திருத்தப் பார்த்தேன், மோசமாகத் திருத்தினேன். எஸ்390 வகைக் கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. அன்றைக்கு ஏட்டளவில் மட்டும் நடக்கக்கூடியதாக இருந்தது, இன்றைக்கு எளிதாகவே நடக்கிறது.

இதில் வருத்தம் தெரிவிக்கும் தொனி இல்லை, சாக்கும் இல்லை. 'மோசமாக' என்ற அடைமொழி ஒரு தகவலாக வந்து போகிறது. பதினோரு வருடக் கதையை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறது. இரண்டாம் பதிப்பு முன்னுரைகளில் 'முதல் பதிப்பில் இந்த இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்' என்று எழுதும் துணிச்சலை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

இதே மனிதர் மற்றவர்களின் பிழைகளைப் பற்றி எழுதியவை வேறு ரகம். வசவு, கேலி, தனிமனிதத் தாக்குதல். 2018 செப்டம்பரில் அவரே அதற்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் விலகி இருந்தார். ஆக, வடிவம் நாகரிகமானது என்பதால் அதைப் பயன்படுத்துகிறவர்களும் நாகரிகமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். வடிவம் ஒரு வாய்ப்பைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

*

இனி என் கதை. என் முதல் பேட்ச் ஒரு கமென்டில் இரண்டு எழுத்து இடம் மாறிக் கிடந்த ஓர் ஆங்கிலச் சொல்லைத் திருத்தியது. ஏற்றுக்கொண்டார்கள். அலுவலகத்தில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். இணையத்தில் என் அறிமுகக் குறிப்பை 'கெர்னல் பங்களிப்பாளர்' என்று மாற்றினேன். ஒரு சொல்லுக்கு ஒரு பட்டம்!

கெர்னலில் ஸ்டேஜிங் என்றொரு பகுதி உண்டு. இன்னும் தரத்துக்கு வராத டிரைவர்கள் அங்கே கிடக்கும். புதிதாக வருகிறவர்களை அங்கே போய்க் கைப்பழக்கம் பண்ணச் சொல்வார்கள். செக்பேட்ச் என்ற கருவியை ஓட்டினால் அது வரிவரியாகக் குறை சொல்லும். இடைவெளி சரியில்லை, அடைப்புக்குறி தேவையில்லை, இந்தச் சார்புக்குப் பதில் அந்தச் சார்பைப் போடலாம் என்று. ஒரு பழைய வை-ஃபை சாதனத்தின் டிரைவரில் 'யூடிலே' இருந்த இடத்தில் 'யூஸ்லீப் ரேஞ்ச்' போடலாமே என்றது கருவி. நியாயமான யோசனைதான். முதலாவது, சில மைக்ரோ நொடிகள் சிபியு சும்மா நின்றிடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது, அந்த நேரத்துக்குத் தூங்கப் போய்விடும், சிபியு வேறு வேலை பார்க்கும். நான் மாற்றினேன். அழகாகக் குறிப்பு எழுதினேன், ஏவல் வினையில். அனுப்பினேன்.

இரண்டு கேள்வி வந்தது. இந்தச் சார்பு அழைக்கப்படும்போது ஸ்பின்லாக் பிடித்திருக்கிறது, பார்த்தீர்களா? இந்தச் சாதனத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா?

ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. டேபிளில் இருக்கும் ஒரே கத்தரிக்கோலை வைத்திருப்பவர் அதைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனால் எப்படி? மற்றவர்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இயந்திரமே உறைந்துபோகலாம். என் திருத்தம் போயிருந்தால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றில் ஒரு புதுப் பிழையைத் தைத்திருப்பேன். அந்தச் சாதனத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சார்பை யார் அழைக்கிறார்கள் என்று ஒரு கோப்பு மேலே போய்ப் படிக்கவும் இல்லை. அவர்கள் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அந்த இரண்டு கேள்வியும் அவ்வளவு மரியாதையாக இருந்தன.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். கெர்னல், ஸ்பின்லாக் எல்லாம் விட்டுவிட்டு, ஒருத்தர் தைத்ததில் குறை என்று நினைத்து மாற்றினேன், அது குறையே இல்லை என்றேன்.

"உள்பக்கம் திருப்பிப் பாத்தியா கண்ணு?"

"இல்லீங்ம்மா. மிஷின் சொல்லுச்சு."

"அப்பறம் மிஷினுக்கே சம்பளத்தக் குடுத்தறலாமல்லோ?"

*

இந்தச் சின்ன அவமானத்துக்குப் பிறகுதான் உ.வே.சா.வை வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் பட்டியல் போடுகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார் முதலியார். இல்லை. இருபத்தைந்து வயது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், படிக்காத நூலே இல்லை என்ற நிலை. சிந்தாமணிப் பிரதியை வாங்கிப் படித்தால் புரியவில்லை.

சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாது. ரகரமா துணைக்காலா என்று தெரியாது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு முடிவு. இலக்கணம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே 'இது இப்படித்தான் இருக்கும்' என்று திருத்திக்கொண்டே போயிருக்கலாம். இலக்கணம்தான் அவருடைய செக்பேட்ச். அவர் அப்படிச் செய்யவில்லை. சிந்தாமணியைச் சமய நூலாக இன்றும் யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடி, கும்பகோணத்துச் சமணர்களிடம் போனார். சந்திரநாத செட்டியார் முதலானவர்களிடம் பாடம் கேட்டார். பிரதிகள் தேடி ஒப்பிட்டார். 1887-ல்தான் பதிப்பு வந்தது. 1907-ல் இரண்டாம் பதிப்பில் மீண்டும் திருத்தினார்.

என் மொழியில் சொன்னால், வன்பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் போய் ஓட்டிப் பார்த்தார். சைவ மடத்தில் படித்த ஒருவர் சமணர் வீட்டுத் திண்ணையில் மாணவனாக உட்கார்வது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. அதுமட்டுமல்ல, தான் தேர்ந்த பாடத்தை மேலே போட்டுவிட்டு, தள்ளிய பாடங்களையும் பிரதிபேதம் என்று பதிவுசெய்யும் வழக்கம் அவருடையது. கழித்தல் குறி போட்ட வரிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது. 'டிஃப்' என்பதற்கு நம்மிடம் நூறு வருடத்துக்கு மேலாக ஒரு சொல் இருந்திருக்கிறது.

*

சின்னத் திருத்தம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். 2003 நவம்பரில் கெர்னலின் ஒரு நகல் களஞ்சியத்தில் இரண்டே வரியில் ஒரு மாற்றம் நுழைந்தது. ஒரு நிபந்தனையில், பயனரின் எண் பூஜ்யமா என்று கேட்பதுபோலத் தோற்றம். ஆனால் இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு என்றால் கேள்வி. ஒன்று என்றால் கட்டளை: பயனரின் எண்ணைப் பூஜ்யம் ஆக்கு. பூஜ்யம் என்றால் கணினியின் முழு அதிகாரி. சுவடியில் விட்டுப்போன புள்ளி மாதிரி, விட்டுப்போன ஒரு குறி. ஆனால் இது வேண்டுமென்றே விடப்பட்டது. மூலக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டபோது, இந்த மாற்றத்துக்கு அங்கே பதிவே இல்லை என்று தெரிந்து பிடித்தார்கள். யார் செய்தது என்று தெரியாமலே போனது.

2021-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக விவகாரம். திருத்தம் என்ற பெயரில் சின்ன பேட்சுகளுக்குள் ஓட்டையை ஒளித்து அனுப்ப முடியுமா என்று சில ஆராய்ச்சியாளர்கள், சொல்லாமல் கொள்ளாமல், கெர்னல் பராமரிப்பாளர்களிடமே சோதித்தார்கள். ஏப்ரலில் கிரெக் குரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இனி எதையும் வாங்குவதில்லை என்று அறிவித்து, முன்பே வந்திருந்த 190 மாற்றங்களைத் திரும்பப் பெற முன்மொழிந்தார். ஆராய்ச்சியாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு பலர் உட்கார்ந்து பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாக மறுபடி படித்தார்கள். மிகப் பெரும்பாலானவை சரியான திருத்தங்கள்தான் என்று தெரிந்தது. அவற்றைச் சரி என்று உறுதிசெய்யப் போன உழைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு பண்டலில் சந்தேகம் வந்தால் பேக்கிங் ஆன பெட்டிகளையும் பிரித்து மறுபடி செக்கிங்குக்குக் கொண்டுவருவார்கள். அந்த நாள் எப்படி இருக்கும் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

இங்கேதான் கெர்னல் உலகத்தோடு எனக்குச் சண்டை. சின்னத் திருத்தம்தான் வாசல் என்று அவர்களே புதியவர்களை அழைக்கிறார்கள். அதே ஆட்கள் 'இடைவெளி திருத்துகிறவன்' என்று சிரிக்கவும் செய்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒவ்வொரு பதிப்புக்கும் யார் எத்தனை மாற்றம் அனுப்பினார்கள் என்று எண்ணிப் பட்டியல் வருகிறது. நிறுவனங்களும் வேலை தேடுகிறவர்களும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எண்ணினால் எண்ணிக்கைக்காகத்தான் வேலை நடக்கும். திருப்பூரில் இதற்குப் பீஸ் ரேட் என்று பெயர். அம்மா இருந்த கம்பெனிகளில் டெய்லர்களுக்குப் பீஸ் ரேட், செக்கிங்குக்கு ஷிப்ட் சம்பளம். ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பீஸுக்கு இவ்வளவுன்னு குடுத்தா யாரு திருப்பிப் பாப்பா?" என்றார். படிப்பதற்குப் பீஸ் ரேட் போட முடியாது. போட்டால் என்னைப் போன்ற கெர்னல் பங்களிப்பாளர்கள்தான் கிடைப்பார்கள்.

இது கணினிக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவில்லை. இன்று எழுதுவது எளிது, வெளியிடுவது அதைவிட எளிது. எழுதியதை உள்பக்கம் திருப்பிப் பார்க்க ஆள் இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் கடைசியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. அச்சான பிறகும் யாரோ முழுசாகப் படித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. இணையத்தில் பிழை சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது, அல்லது சத்தமில்லாமல் அப்படியே இருந்துவிடுகிறது. மெய்ப்புப் பார்க்கிறவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் கடைசியாகப் பார்த்தோம்?

ஒரு திருத்தத்தின் மதிப்பு அதன் நீளத்தில் இல்லை, அதற்குப் பின்னால் எவ்வளவு வாசிப்பு இருக்கிறது என்பதில் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன். நாலாயிரம் வரி படித்துவிட்டு ஒரு குறியை மாற்றுகிறவர் பெரிய வேலை செய்கிறார். ஒன்றும் படிக்காமல் நாற்பது இடத்தில் இடைவெளி திருத்துகிறவர் மற்றவர்களுக்கு வேலை வைக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

என் அறிமுகக் குறிப்பிலிருந்து 'கெர்னல் பங்களிப்பாளர்' என்பதை எடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து, அதே வை-ஃபை சாதனம் ஒன்றைப் பழைய கணினிப் பொருள் விற்கும் கடையில் தேடி வாங்கினேன். மூன்று வார இறுதிகள் அந்த டிரைவரைப் படித்தேன். ஒரு தோல்விப் பாதையில் நினைவகம் விடுவிக்கப்படாமல் போவதைப் பார்த்தேன். திருத்தம் மூன்று வரி. குறிப்பு பதினாறு வரி வந்தது, சாதனத்தில் ஓட்டிப் பார்த்தேன் என்பதையும் சேர்த்து. இந்த முறை கேள்வி வரவில்லை. முன்பின் பார்த்திராத ஒருவர் 'ரிவ்யூட்-பை' என்று தன் பெயரைப் போட்டிருந்தார்.

யாருக்கும் ஸ்வீட் வாங்கித் தரவில்லை. அம்மாவிடம் மட்டும் காட்டினேன். திரையில் சிவப்பும் பச்சையுமாக இருந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே இருந்த பெயரில் விரல் வைத்து, "இது யாரு, செக்கிங்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.